கேள்வி-பதில்: மில்லிமீட்டர் காட்டாத வாட்ச் கேஜ்

கேள்வி: மும்பை சோர் பஜாரில், வாட்ச் பாகங்களை அளக்கும் எட்டு வடிவப் பித்தளை கேஜ் ஒன்று வாங்கினேன். 1 மி.மீ. கம்பியை வைத்தால் முள் 5-ஐத் தாண்டி நிற்கிறது. ஏமாந்துவிட்டேனா? (மாட்டுங்கா)

பதில்: ஏமாறவில்லை. உங்களிடம் இருப்பது டூசியெம் கேஜ். பழைய பிரெஞ்சு அளவான லீன் 2.256 மி.மீ.; அதைப் பன்னிரண்டாகப் பிரித்த ஒரு பங்கு, அதாவது 0.188 மி.மீ., ஒரு கோடு. 1 மி.மீ.க்கு 5.3 காட்டுவதுதான் சரி. முள் காட்டும் எண்ணை 0.188-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர் வந்துவிடும்.

தாடைகளை மூடினால் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். மூடியபடியே வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நுனிகளுக்கு இடையே ஒளி கசிந்தால் தேய்மானம். அடுத்து 2 மி.மீ. டிரில் பிட்டின் வழுவழுப்பான தண்டை வையுங்கள்: 10.6 வர வேண்டும். பூஜ்யம் சரியாக இருந்தும் இங்கே பிசகினால் கேஜின் கை வளைந்திருக்கிறது, அல்லது நடு ரிவெட் ஆடுகிறது. அளக்கும்போது விரலால் நெருக்காதீர்கள், எண் குறைத்துக் காட்டும்.

எனக்குப் பொறுக்காத ஒன்று, பழைய கருவிகளை பஃபிங் சக்கரத்தில் கொடுத்துத் தங்கமாக மினுக்கி, கூடுதல் விலைக்கு விற்பது. கோடுகள் மங்கும், நுனி மழுங்கும். நுனியில் 0.1 மி.மீ. போனாலே அரைக் கோட்டுக்கு மேல் பிழை. மினுமினுப்பை நம்பி நான் வாங்கிய ஒன்று எதையும் அளக்க லாயக்கில்லாமல் கிடக்கிறது. கறுத்துப்போன கேஜையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இதே டூசியெம் கேஜில் பேலன்ஸ் பிவட்டை (வாட்சின் வேகத்தை ஒழுங்குபடுத்தி ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு நுனியை) அளக்கலாமா? (செம்பூர்)

பதில்: முடியாது, பிவட்டின் விட்டமே சுமார் 0.1 மி.மீ., உங்கள் கேஜின் ஒரு கோடு அதைவிடப் பெரிது.

கேள்வி: பழைய எச்.எம்.டி. வாட்சுக்கு, அதை ஓட்டும் சுருள்வில்லான மெயின் ஸ்பிரிங்கை அதே அகலத்தில் வாங்கிப் போட்டேன். தாறுமாறாக வேகம் கூடுகிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். (தாராவி)

பதில்: ஏன் எடுக்க வேண்டும்? அகலம், தடிமன், நீளம், ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டப்பாவான பேரலின் உள்விட்டம் என்று நான்கும் சொல்லித்தான் மெயின் ஸ்பிரிங் வாங்க வேண்டும். நீங்கள் சொன்னது ஒன்று. தடிமன் 0.10 மி.மீ.க்கு பதில் 0.11 மி.மீ. ஆனால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், விசை மூன்றில் ஒரு பங்கு கூடும். பேலன்ஸ் அளவுக்கு மீறிச் சுழன்று முட்டும், வாட்ச் முந்தும். இந்தத் தடிமனை டூசியெம் கேஜில் அளக்காதீர்கள், மைக்ரோமீட்டர் வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் 0.01 மி.மீ. வரை அளக்கும் என்று போட்டிருந்தார்கள். வந்தது 0.1 மி.மீ. கேஜ். 'பழைய பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை' என்கிறார்கள். (முலுண்ட்)

பதில்: விடாதீர்கள், நியாயம் உங்கள் பக்கம். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளே சொல்கின்றன. விற்பனைப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கேஜின் அளவுக்கோடு தெளிவாகத் தெரியும் படத்தோடு தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு சொல்ல வேண்டும். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போடுங்கள். அங்கும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமே கிடையாது.