இறந்த உடலின் வாடை: ஏன் தாமதமாகத் தெரிகிறது, ஏன் லேசில் போவதில்லை?

கேள்வி: பக்கத்து வீட்டில் தனியாக இருந்த பெரியவர் இறந்து நான்கு நாள் கழித்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. நடுவில் ஒரே ஒரு சுவர்தான். எங்களுக்கு ஏன் முன்பே வாடை வரவில்லை? வீட்டைக் கழுவிவிட்ட பிறகும் அடிப்பது போலவே இருக்கிறது. இது எத்தனை நாள் இருக்கும்?

பதில்:

ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது தெரியாமல் போயிற்றே என்று நீங்கள் மனசைப் போட்டு உழப்பிக்கொள்வது கேள்வியிலேயே தெரிகிறது. நான் சட்ட மருத்துவம் படித்து, அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர். இப்படித் தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்ட உடல் வரும்போது கூடவே வரும் அக்கம்பக்கத்தினர் பெரும்பாலும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "எங்கயோ எலி செத்துக் கிடக்குதுன்னு நெனச்சோம் சார்." அவர்கள் சொல்வது உண்மை. பக்கத்திலேயே இருப்பவருக்குத்தான் அந்த வாடை கடைசியாக உறைக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

இறந்த சில மணி நேரம் வரை நம் மூக்குக்கு எட்டும்படி எதுவும் இருக்காது. உயிர் போனதும் செல்களுக்கு ஆக்ஸிஜன் நின்று, அவற்றின் நொதிகளே அவற்றைக் கரைக்கத் தொடங்கும். குடலில் நம்மோடு காலம் முழுக்க வாழ்ந்த பாக்டீரியாக்களுக்கு இப்போது தடுப்பு கிடையாது. அவை புரதத்தை உடைக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாகும். அது ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு சேர்ந்து தோலில் பச்சை நிறமாகத் தெரியும். முதலில் வலது அடிவயிற்றில், பெருங்குடல் தொடங்கும் இடத்துக்கு மேலே. நம் ஊர்க் கோடையில் 12 முதல் 18 மணி நேரத்தில் இதைப் பார்க்கலாம், குளிர்காலமென்றால் ஓரிரு நாள் ஆகும். அப்புறம் வயிறு உப்பும். வாயு வெளியேறத் தொடங்கும்போதுதான் வாடை அறையைத் தாண்டும். கதவு ஜன்னல் சாத்தியிருந்தால், ஏசி ஓடிக்கொண்டிருந்தால், ஆள் மெலிந்தவராக இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஆக, முதல் இரண்டு நாள் உங்களுக்கு எதுவும் வராததில் ஆச்சரியமே இல்லை.

பிணவாடை என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களின் கலவை. பெர்லினில் லுட்விக் பிரீகர் என்ற மருத்துவர் 1885 வாக்கில் புட்ரெஸின், காடவரின் என்ற இரண்டைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். அன்று முதல் பிணவாடை என்றாலே இந்த இரண்டும்தான் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவை இரண்டும் அவ்வளவு எளிதில் ஆவியாகாதவை. உடலுக்கு மேலே உள்ள காற்றைப் பிடித்துக் கருவியில் சோதித்தவர்களில் பலருக்கு அவை தட்டுப்படவே இல்லை. காற்றில் முன்னால் நிற்பவை கந்தகச் சேர்மங்கள்: டைமெத்தில் டைசல்ஃபைடு, டைமெத்தில் ட்ரைசல்ஃபைடு, மெர்காப்டன்கள். கேஸ் சிலிண்டர் கசிந்தால் தெரிய வேண்டும் என்று கலக்கிறார்களே, எத்தில் மெர்காப்டன், அதுவும் இந்தக் குடும்பம்தான். கூடவே பழைய வெண்ணெய் வாடையடிக்கும் பியூட்ரிக் அமிலம், அம்மோனியா, மலவாடை தரும் இந்தோல், ஸ்கடோல். மல்லிகைப் பூவின் மணத்திலும் கொஞ்சம் இந்தோல் உண்டு. அழுகும் உடலின் வாடையில் குமட்டலோடு ஓர் அசட்டு இனிப்பும் இருப்பதாகப் பலர் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தெரியும்.

நம் மூக்கு இந்தக் கந்தக வாசனைகளைப் பிடிப்பதில் கெட்டிக்கார மூக்கு. நூறு கோடிப் பங்கு காற்றில் சில பங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலே போதும். ஆனால் அதே மூக்கு சீக்கிரம் ஓய்ந்தும்விடும். எங்கள் பிணவறையில் பல வருஷமாக இருக்கும் உதவியாளர் அண்ணன் ஒருவர், அழுகிய உடல் வந்தால் பையின் ஜிப்பை ஒரு சாண் மட்டும் இறக்கிவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு, கதவருகே வந்து நின்றுகொள்வார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தும் பயிற்சி மருத்துவர்களிடம், "பொத்தாதீங்க தம்பி, ரெண்டு நிமிஷம் சும்மா நில்லுங்க, அடங்கிடும்" என்பார். அடங்குவது வாடை அல்ல, மூக்கு. வெளியே போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் முதல் மூச்சிலேயே மறுபடி முகத்தில் அறையும்.

உங்களுக்கு நடந்ததும் இதுதான். வாடை திடீரென்று வந்திருந்தால் எழுந்து போய்ப் பார்த்திருப்பீர்கள். அது மணிக்கணக்கில் துளித்துளியாகக் கூடுகிறது, நீங்கள் அதற்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள், மூக்கு கூடவே பழகிக்கொண்டே போகிறது. வெளியூர் போய்விட்டு வந்த மாடி வீட்டுக்காரர், பால் போடுபவர், கேஸ் கொண்டுவருபவர், இப்படி வெளியிலிருந்து வருகிறவர்தான் "என்னங்க இது" என்று கேட்பார். போலீஸ் பதிவுகளில் முதலில் தகவல் சொன்னவர் யார் என்று பார்த்தால் இது நன்றாகவே தெரியும். ஜப்பானில் 2024-ம் ஆண்டில் வீட்டில் தனியாக இறந்தவர்கள் 76,020 பேர் என்று அந்நாட்டுக் காவல்துறை கணக்குக் கொடுத்தது. அதில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் முதியவர்கள். வாரத்துக்கும் மேலாக யாருக்கும் தெரியாமல் கிடந்தவர்கள் இருபதாயிரத்துக்கும் அதிகம். அவ்வளவு நெருக்கமான ஊர்களிலேயே அப்படி என்றால், உங்கள் தெருவை மட்டும் குறை சொல்ல நான் தயாராக இல்லை.

மூக்கு ஓய்வதைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லாமல் போக மனசு வரவில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு அடியோடு மரத்துவிடும். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவரைக் காப்பாற்ற அடுத்தவரும், அவரைக் காப்பாற்ற மூன்றாமவரும் இறங்கி அடுத்தடுத்துச் சாவது இதனால்தான். "இப்ப நாத்தம் இல்லை" என்பது அங்கே பாதுகாப்பின் அடையாளம் ஆகாது. அந்த உடல்களும் எங்கள் மேசைக்குத்தான் வருகின்றன.

சரி, மனித மூக்கு இப்படி. ஈயும் நாயும் வேறு கணக்கு. பச்சையும் நீலமுமாக மின்னும் பெரிய ஈக்கள், திறந்த வெளியில் உடல் கிடந்தால் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். நகர்த்த முடியாத அளவுக்கு அழுகிய உடலென்றால் போலீஸ் எங்களை இடத்துக்கே அழைக்கும். அப்படிப் போன ஒரு வீட்டில், பூட்டை உடைப்பதற்கு முன்பே காவலர் ஜன்னலைக் காட்டினார். கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க ஈ, வெளியே வர வழியில்லாமல் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டிருந்தது. கதவுக்கு வெளியே நின்ற எங்களுக்கு அப்போதும் வாடை லேசாகத்தான் வந்தது. உங்கள் பக்கத்தில் எப்போதாவது சந்தேகம் வந்தால் மூக்கை நம்புவதைவிட ஜன்னலைப் பாருங்கள்.

நாய்களைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்ல சோதனை ஹாம்பர்க்கில் நடந்தது, 2008-ல் வெளியானது. இறந்து மூன்று மணி நேரம்கூட ஆகாத இரண்டு உடல்களுக்கு அருகே கம்பளத் துண்டுகளை வைத்தார்கள். உடலில் படக்கூடாது. சிலவற்றை 2 நிமிடம், சிலவற்றை 10 நிமிடம். அப்புறம் ஹாம்பர்க் போலீஸின் மூன்று நாய்களிடம் அவற்றைச் சாதாரணத் துண்டுகளோடு கலந்து கொடுத்தார்கள். 10 நிமிடத் துண்டுகளை வைத்து 65 நாள் வரை சோதனை ஓடியது, 2 நிமிடத் துண்டுகளை வைத்து 35 நாள் வரை. நாய்கள் சொன்னதில் சரியானது நூற்றுக்கு 92-க்குக் கீழே இறங்கவில்லை. அதாவது, நமக்கு எந்த வாடையுமே தெரியாத நேரத்திலேயே உடலிலிருந்து ஏதோ கிளம்பி, பக்கத்தில் உள்ள துணியில் ஏறி, மாதக்கணக்கில் தங்குகிறது.

மண்ணுக்குள்ளிருந்தும் அது மேலே வரும். 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்கள் புதைந்தன. 70 உயிர். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், கயத்தாறு பக்கத்து ஊர்களிலிருந்து போனவர்கள். அங்கேயும், 2024 ஜூலையில் வயநாடு நிலச்சரிவிலும் உடல்களைத் தேடக் கேரளக் காவல்துறை இதற்கென்றே பழக்கிய நாய்களை இறக்கியது. வயநாட்டில் தேடிய மாயா, மர்ஃபி இரண்டும் பெல்ஜியன் மாலினோயிஸ் வகை. ஈரமண்ணில் வாடை நேராக மேலே வராது, நீரோட்டத்தோடு சரிவில் இறங்கி வேறு இடத்தில் கசியும். அதனால் தேடுபவர்கள் கம்பியால் மண்ணில் துளைபோட்டு, காற்று வெளியேற நேரம் கொடுத்து, பிறகு நாயை விடுவதுண்டு. எந்தக் கருவியும் இன்றுவரை இந்த வேலையில் நாய்க்கு ஈடாகவில்லை.

கருவியை நம்பி நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 2008-ல் இரண்டு வயதுக் குழந்தை காணாமல் போனது. தாயின் காரைத் திறந்தவர்கள் பிணவாடை அடித்ததாகச் சொன்னார்கள். டிக்கியில் உடல் இல்லை, குப்பைப் பை ஒன்று இருந்தது. டென்னசியில் தானமாக வந்த உடல்களைத் திறந்த வெளியில் வைத்து ஆராயும் நிலையம் இருக்கிறது. அங்கே வாடை வேதியியலை வருடக்கணக்கில் ஆராய்ந்த அர்பாட் வாஸ், டிக்கியின் கம்பளத்திலிருந்து எடுத்த காற்றைச் சோதித்துச் சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு, அது குப்பையின் நாற்றம் என்றது. 2011-ல் ஜூரிகள் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து தாயை விடுவித்தார்கள். வாடையை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது என்பதே என் கருத்தும். மனித உடலின் வாடையை வேறு விலங்கின் வாடையிலிருந்து பிரித்துச் சொல்லும் வேலையே இன்னும் முடியவில்லை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 2015-ல் எஸ்டர் என்ற வகைச் சேர்மங்கள் சிலவற்றை வைத்து மனிதனையும் பன்றியையும் பிரித்துக் காட்டினார்கள். ஆனால் அது ஜாடிக்குள் வைத்த திசுக்களில்தான், முழு உடலில் அல்ல.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கழுவிய பிறகும் ஏன் இருக்கிறது? இந்த மூலக்கூறுகளில் பல எண்ணெய்ப் பசையில் ஒட்டுபவை. பஞ்சு மெத்தை, ஃபோம், திரைச்சீலை, மரம், பூசாத சிமென்ட், நம் தலைமுடி எல்லாம் அவற்றை வாங்கி வைத்துக்கொள்ளும். வெயில் ஏறினாலோ மழைக்காற்று வீசினாலோ கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். ஒரு நாள் இல்லை, மறுநாள் இருக்கிறது என்று நீங்கள் குழம்புவது அதனால்தான். உடலிலிருந்து வடிந்த திரவம் தரைக்குள் இறங்கியிருந்தால், அது காயும்வரை அல்லது எடுக்கப்படும்வரை வாடை இருக்கும். எத்தனை நாள் என்பது இதைப் பொறுத்ததுதான். நான்கு நாள், திரவம் கட்டிலோடு நின்றுவிட்டது என்றால் மெத்தையை அகற்றி, நன்றாகக் காற்றோட்டம் விட்டால் சில வாரங்களில் போய்விடும். தரையில் இறங்கியது என்றால் தானாகப் போகும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பது வீண்.

சாம்பிராணியும் ஃபினாயிலும் மேலே ஒரு வாசனையைப் போடும், அடியில் உள்ளதை எடுக்காது. நம் ஆட்கள் அவசரத்தில் பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றிவிடுவார்கள். அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் ஆளையே சாய்த்துவிடும். தயவுசெய்து வேண்டாம். ஜப்பானில் இந்த வீடுகளைச் சுத்தம் செய்வதே தனித் தொழில். அவர்கள் முதலில் செய்வது ஊறியதைப் பெயர்த்து எடுப்பது: பாய், பலகை, தேவைப்பட்டால் சுவர்ப் பூச்சு. அதன் பிறகுதான் கழுவுவதும், வாடையை முறிக்க ஓசோன் வாயுவைச் செலுத்துவதும், மேலே அடைக்கும் பெயின்ட் அடிப்பதும். ஓசோன் ஓடும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது.

நோய் வருமா என்று பலர் கேட்பதால் சேர்த்தே சொல்கிறேன். வாடையை முகர்வதால் மட்டும் நோய் தொற்றாது. 2004 சுனாமியின்போது கொள்ளைநோய் பரவும் என்ற பயம் நம் கடற்கரையெங்கும் இருந்தது. பேரிடரில் அடிபட்டு இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் வருவதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் தொடர்ந்து சொல்லிவருகிறது. திரவத்தைக் கையுறை இல்லாமல் தொடாமல் இருந்தால் போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் மருத்துவமனையில் உடலை வாங்கிப் போன மகள் ஒருவர், பல நாள் கழித்துச் சான்றிதழுக்காக வந்தபோது, "சோறு தட்டுல போட்டாலே அந்த வாடை வருது சார், எனக்கு மட்டும்தான் வருது" என்றார். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாசனைச் செய்தி மூளையில் அச்சத்துக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு மற்ற புலன்களைவிட நேரடியான வழியில் போகிறது. பயந்த நேரத்தில் பதிந்த வாசனை, காற்றில் எதுவும் இல்லாதபோதும் திரும்ப வரலாம். பெரும்பாலும் நாளடைவில் குறையும். தூக்கம், சாப்பாடு இரண்டும் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

உங்களுக்கு வருவது காற்றிலா, நினைவிலா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். இந்தச் சம்பவமே தெரியாத வெளியாள் ஒருவரை, மதிய வெயில் நேரத்தில், ஜன்னல்களைச் சில மணி நேரம் சாத்தி வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் அந்த வீட்டுக்குள் கூட்டிப் போங்கள். கதவைத் திறந்ததும் அவர் முகம் சுளித்தால் இன்னும் எங்கோ ஊறியிருக்கிறது. கட்டில் சட்டத்தின் அடிப்பக்கம், டைல்ஸ் இணைப்புகள், சுவரும் தரையும் சேரும் ஓரம், இந்த மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.