ஒளிச்சேர்க்கை செய்தும் ஆக்சிஜன் விடாத பாக்டீரியா உண்டா?

உண்டு. ஒளிச்சேர்க்கை என்றாலே ஆக்சிஜன் வரவேண்டுமே என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் செடியை மட்டுமே காட்டிச் சொல்லிக்கொடுத்ததால் வரும் குழப்பம் இது. செடிக்கு வேண்டியது எலக்ட்ரான். அதற்காகத் தண்ணீரை உடைக்கிறது, மிஞ்சுகிற ஆக்சிஜனை வெளியே விடுகிறது. ஊதா, பச்சை கந்தக பாக்டீரியாக்கள் தண்ணீர் பக்கமே போவதில்லை, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்கின்றன, அதனால் மிஞ்சுவது கந்தகம். குரோமேஷியம் போன்ற ஊதா வகை அதைச் சின்ன உருண்டைகளாக உடம்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், பச்சை வகை வெளியே கொட்டிவிடும்.

இதை நான் கண்ணால் பார்த்தது காட்பாடியில் எங்கள் வீட்டு ஜன்னலில்தான். ஏரிச் சேற்றில் கிழித்த செய்தித்தாளும் ஒரு முட்டை மஞ்சள் கருவும் கலந்து, இரண்டு லிட்டர் பாட்டிலில் அடைத்து, மேலே ஏரித் தண்ணீர் ஊற்றிவைத்தேன். 1880களில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய நுண்ணுயிரியலாளர் காட்டிய வழி. முதல் சில வாரம் கறுப்புச் சேறும் அழுகிய முட்டை நாற்றமும்தான், அம்மா "இன்னாடா இது, சாக்கடையைக் கொண்டாந்து வீட்ல வெச்சிருக்க" என்று தினமும் திட்டு. அப்புறம் ஒருநாள் வெளிச்சம் படுகிற பக்கம் மட்டும், கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் திட்டுத் திட்டாக வந்தது பாருங்கள், அதே அம்மா பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

குளத்தில் இவை பாசிக்குக் கீழே, காற்று போகாத இடத்தில் இருக்கும். அங்கே வெளிச்சம் ஏது? பாசி தொடாமல் விடுகிற அகச்சிவப்புக் கதிர் போதும்; இவற்றின் பாக்டீரியோகுளோரோபில், அதாவது செடியின் பச்சையம் போல ஒளியைப் பிடிக்கும் நிறமி, 800, 900 நானோமீட்டர் வாக்கில் கூட உறிஞ்சும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் டேனரி கழிவுநீர் என்றால் சல்பைடு நிறைய இருக்கும், தோலிலிருந்து முடி நீக்க அதைத்தான் போடுகிறார்கள். அப்படிப்பட்ட குட்டை இளஞ்சிவப்பாக மாறினால் எல்லாம் சாயம் என்று நினைக்காதீர்கள், இந்தப் பாக்டீரியாவாகவும் இருக்கலாம்.

செடி விடும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வரவில்லை, தண்ணீரிலிருந்துதான் வருகிறது என்று 1930களில் வான் நீல் என்ற நுண்ணுயிரியலாளர் ஊகித்ததும் இவற்றைப் பார்த்துத்தான்: சல்பைடிலிருந்து கந்தகம் வந்தால் தண்ணீரிலிருந்து ஆக்சிஜன்தானே வரணும்? 1941இல் ரூபன், காமன் என்ற விஞ்ஞானிகள் ஆக்சிஜன் 18 என்ற கனமான ஆக்சிஜன் வகையை வைத்து அதைச் சோதித்துக் காட்டினார்கள்.

செய்து பார்ப்பதானால் மூடியை இறுக்காதீர்கள், வாயு சேர்ந்து பாட்டில் உப்பிவிடும். நேர் வெயிலும் வேண்டாம், வேலூர் வெயிலில் பாட்டிலே வெந்துவிடும்.