கலர் கிராஃபிட்டிக்கு நடுவே ஸ்டென்சில் உருவம் காணாமல் போனால்

கேள்வி: சுவர் முழுக்க கலர் கலராக கிராஃபிட்டி எழுத்துகள் போட்டு, காய்ந்ததும் மேலே ஸ்டென்சில் (உருவம் வெட்டியெடுத்த தாள்) வைத்து, குடை பிடித்த ஒரு சிறுமியைக் கறுப்பில் அடித்தேன். ஓரமெல்லாம் கசிந்துவிட்டது. பத்தடி தள்ளி நின்றால் சிறுமியே தெரியவில்லை. எங்கே தப்பு?

பதில்: சுவர்க்காரரிடம் அனுமதி வாங்கியிருப்பீர்கள் என்று நம்பிச் சொல்கிறேன். கசிவைச் சீக்கிரம் சரிசெய்துவிடலாம். சிறுமி தெரியாமல் போனதுதான் பெரிய விஷயம், அது ஸ்பிரே டப்பாவைத் தொடுவதற்கு முன்பே நடந்த தப்பு.

பாரிஸில் 1981 வாக்கில் பிளெக் லே ரா என்ற தெரு ஓவியர் ஸ்டென்சிலில் எலிகளை அடிக்க ஆரம்பித்தபோது, ஒரே ஒரு கறுப்பு அடுக்கே போதுமானதாக இருந்தது, ஏனென்றால் பின்னால் இருந்தது வெறும் சுவர். உங்கள் சுவரில் ஏற்கெனவே நூறு நிறம் கத்திக்கொண்டிருக்கிறது, அதற்குள் கறுப்பும் இன்னொரு கிறுக்கலாகத்தான் தெரியும். நார்வே தெரு ஓவியர் மார்ட்டின் வாட்சனின் படங்களைத் தேடிப் பாருங்கள். ஆளும் பின்னணியும் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் அமைதியாக இருக்கும், கிராஃபிட்டி ஏதாவது ஒரு பகுதியில், உதாரணமாக உடையில் மட்டும், வெடித்துக் கிளம்பும். முகத்துக்குக் கலர் கிடையாது, அதனால்தான் கண் நேராக அங்கே போய் நிற்கிறது.

நான் செய்கிற வரிசை இது. முதலில் வெளிர் சாம்பல் பின்னணி. அதன்மேல் சிறுமியின் கவுன் வரப்போகிற இடத்தில் மட்டும் எழுத்துகளை இஷ்டத்துக்கு அடித்துவிடுவேன், கொஞ்சம் வெளியே சிதறினாலும் கவலையில்லை, அதுதான் அழகு. முகம், கை, குடை இவற்றுக்கு வெளிர் சாம்பல், நடு சாம்பல், கறுப்பு என்று மூன்று ஸ்டென்சில். கவுனுக்கு அந்தக் கறுப்பு அடுக்கு மட்டும், அதாவது துணி மடிப்பின் நிழல் மட்டும். மடிப்புக்கு நடுவே கலர் தெரியும், ஆனாலும் கவுன் கவுனாகவே இருக்கும். மூன்று தாளிலும் ஒரே இடத்தில் நான்கு மூலைக்கு நான்கு துளை போட்டுக்கொண்டால் அடுக்குகள் பிசகாது. அடிப்பதற்கு முன் மாதிரிப் படத்தை போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், ஏனென்றால் நேரில் அடித்துக்கொள்கிற சிவப்பும் பச்சையும் அதில் பல நேரம் ஒரே சாம்பலாகிவிடும், கறுப்பு வெள்ளையிலேயே ஆள் தெரியவில்லை என்றால் சுவரில் எப்படித் தெரியும்?

சரி, கசிவு. ஒரே மூச்சில் நனைய நனைய அடித்திருப்பீர்கள். பெயிண்ட் தேங்கினால் தாளுக்கு அடியில் ஊர்ந்துபோகும், சாய்த்து அடித்தால் காற்றே அதை உள்ளே தள்ளிவிடும். தாளின் பின்பக்கம் எடுத்து எடுத்து ஒட்டக்கூடிய ஸ்பிரே பசையை லேசாக அடித்து, ஒரு நிமிடம் விட்டு ஒட்டுங்கள். பிறகு டப்பாவைச் சுவருக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் பிடித்து, தூசி படிகிற மாதிரி மெல்லியதாக இரண்டு மூன்று தடவை. முதல் தடவையில் ஒன்றுமே ஆகாத மாதிரி இருக்கும், பொறுங்கள். தாளைச் சுற்றிச் செய்தித்தாள் ஒட்ட மறந்தால் செவ்வகமாக ஒரு கறுப்புப் புகை பதிந்துவிடும், எனக்கே ஆகியிருக்கிறது. சொரசொரப்பான சுவரில் எத்தனை ஜாக்கிரதையாக இருந்தாலும் ஓரம் கொஞ்சம் பிசிறடிக்கும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

வெட்டும்போது ஒன்று. ‘க’ எழுத்தை வெட்டினால் உள்ளே இருக்கிற சுழி கழன்று கையோடு வந்துவிடும் இல்லையா, கண்ணின் வெள்ளைக்கும் அதே கதிதான். உள் துண்டைச் சுற்றியுள்ள தாளோடு பிடித்து வைக்க மெல்லிய பாலம் விட்டு வெட்டுங்கள்.

அப்புறம் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சில எனாமல் ஸ்பிரேக்களில் அடுத்த பூச்சை ஒரு மணி நேரத்துக்குள் அடி, இல்லாவிட்டால் 24 அல்லது 48 மணி நேரம் கழித்து அடி என்றிருக்கும். நடுவில் அடித்தால் கீழே இருப்பது சுருங்கித் தோலாகக் கிளம்பிவிடும். துணி மாஸ்க் கரைப்பான் ஆவியைத் தடுக்காது, கார்பன் வடிகட்டி வைத்த சுவாசக் கவசம்தான் வேண்டும்.

இப்போதிருக்கும் சுவரை முழுக்க அழிக்காதீர்கள். நன்றாகக் காய்ந்தபின் முகம், கை, குடை இருக்கும் இடத்தையும் அவற்றைச் சுற்றி ஒரு முழம் அளவுக்கும் வெளிர் சாம்பல் அடித்து மூடுங்கள், கவுனை அப்படியே விடுங்கள். அந்தச் சாம்பல்மேல் மூன்று அடுக்கையும் போடுங்கள்.