ஆற்றோரத்தில் வீடு கட்ட ஏன் கட்டுப்பாடு? காப்பீடு எடுத்தால் போதாதா?

ஆறு கரை புரளும்போது தண்ணீர் பரவி நிற்கும் தாழ்ந்த நிலம்தான் வெள்ளச் சமவெளி. ஆந்திராவின் பிச்சாட்டூர் அணையில் உபரிநீர் திறந்தால், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக ஆரணியாறு பெருகி வருவது இப்பக்கத்தவர் அறிந்ததே. அந்த நிலத்தை மண் கொட்டி மேடாக்கினால், மடையில் கல்லை வைத்தது போலத்தான்: தண்ணீர் குறையாது, மேல்வயலில் ஏறும். உங்கள் வீடு தப்பும், பக்கத்துத் தெரு மூழ்கும். கட்டுப்பாடு இதற்காகத்தான், இது நியாயமானதும்கூட. மனை வாங்குமுன் புல வரைபடத்தையும் (நிலத்தின் எல்லை அளவுகள் காட்டும் படம்) 'அ' பதிவேட்டையும் (நிலத்தின் வகை குறித்த கிராமக் கணக்கு) பாருங்கள். ஓடை, வாய்க்கால் புறம்போக்கு ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

காப்பீடு வெள்ளத்தைத் தடுக்காது, செலவைத்தான் ஈடுகட்டும். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் வெள்ளச் சேதமும் அடக்கம். 800 சதுர அடி, அடிக்கு 2,200 ரூபாய் கட்டுமானச் செலவு என்றால் கட்டடத்துக்கு 17.6 லட்சம். வீட்டுப் பொருள்களுக்கு அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேரும். நகைக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

பலருக்கு இழப்பீட்டுக் கோரிக்கை சிக்கலாவது, சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வருமுன் நனைந்த மெத்தை, பிரிட்ஜ், மோட்டாரை வெளியே எறிந்துவிடுவதால். முதலில் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை, மோட்டாரின் வரிசை எண் தெரியப் படம் எடுங்கள்.

மனையின் சந்தை விலையையும் சேர்த்துக் காப்பீடு செய்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்பது தவறு. நிலத்துக்குக் காப்பீடு கிடையாது, திரும்பக் கட்டும் செலவுக்குத்தான்.