நாவலில் படித்த இங்கிலீஷ் வார்த்தையை வீட்டு ஏஜென்ட்டுக்கு எழுதலாமா?

வ அலைக்கும் ஸலாம் தம்பி. கீழக்கரைப் பிள்ளை ஒன்று இங்கிலாந்தில் வந்து இறங்கி 'காக்கா' (அண்ணன்) என்று கூப்பிட்டுக் கேட்கும்போது பதில் எழுதாமல் இருக்க முடியுமா. நீ கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா பார். ஒரு நாவலில் 'இஃபெமரல்' என்ற வார்த்தை வந்தது, அகராதியில் 'கொஞ்ச காலமே நீடிக்கிற' என்று போட்டிருந்தது, வார்த்தை பிடித்துப்போய் வீட்டு ஏஜென்ட்டுக்குப் போட்ட மெயிலில் இந்த விலாசம் எனக்கு இஃபெமரல் என்று எழுதிவிட்டாய், அந்தம்மா ஒரு சிரிப்பு பொம்மையைப் போட்டு 'அப்படின்னா?' என்று திருப்பிக் கேட்டுவிட்டார். அர்த்தம் சரிதானே, எதற்குச் சிரித்தார், இந்த மாதிரி வார்த்தைகளைப் படிப்பதா விடுவதா என்கிறாய்.

அர்த்தம் சரிதான். ஆனால் அகராதியின் ஒற்றை வரி பாதிதான் சொல்லும், அந்த வார்த்தை எதோடு சேரும் எதோடு சேராது என்பது மீதிப் பாதி. விலாசம், வேலை, உள்ளே போகிற பாஸ், தற்காலிகப் பாலம், இதெல்லாம் 'டெம்பரரி'. ஒருவர் ஏற்பாடு செய்து வைத்து, பிறகு மாற்றப்போகிற சங்கதி. புகழ், அழகு, ஃபேஷன், சந்தோஷம் என்று எவ்வளவு பிடித்துவைத்தாலும் தானாகவே நழுவிப்போகிறவைதான் 'இஃபெமரல்'. கிரேக்கத்தில் 'ஒரு நாள் மட்டும்' என்ற பொருளில் இருந்து வந்தது. ஆங்கிலத்தில் ஆரம்பத்தில் ஒரே நாளில் விட்டுப்போகிற காய்ச்சலுக்கும் சில பூச்சிகளுக்கும்தான் சொல்லியிருக்கிறார்கள். மேஃப்ளை என்று ஒரு பூச்சி இங்கே ஆற்றோரம் பார்க்கலாம், முழுதாக வளர்ந்து இறக்கையோடு பறக்கத் தொடங்கினால் சில மணி நேரமோ ஓரிரு நாளோதான், அந்த இனத்துக்கே அறிவியல் பெயர் இஃபெமராப்டெரா. (ஈசல் ஞாபகம் வரும். ஈசல் கறையான் வகை, இது வேறு.)

இதை நாவல் வார்த்தை என்று மட்டும் ஒதுக்கிவிடவும் முடியாது. மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடி மற்ற நாளில் மணலாகக் கிடக்கும் ஓடைக்கு நிலவியல்காரர்கள் இஃபெமரல் ஸ்ட்ரீம் என்பார்கள், ராமநாதபுரம் மாவட்டத்துக்காரனுக்கு இதற்குப் படம் வரைந்து விளக்க வேண்டியதில்லை. நீ கம்ப்யூட்டர் படிக்கிறவன், நெட்வொர்க் பாடத்தில் இஃபெமரல் போர்ட் வந்திருக்குமே, ஒரு இணைப்புக்கு மட்டும் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு, அது முடிந்ததும் விட்டுவிடுகிற எண். அப்புறம் 'இஃபெமரா' என்று ஒரு பெயர்ச்சொல் உண்டு. டிக்கெட், நோட்டீஸ், விளம்பரத் தாள் என்று அன்றைக்குப் பார்த்துவிட்டுத் தூக்கிப்போட அச்சடித்தவற்றைச் சேர்த்துவைப்பவர்கள் சொல்கிற பெயர். ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் ஜான் ஜான்சன் தொகுப்பு என்று இதற்காகவே ஒன்று இருக்கிறது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்துபோவதற்கு முன்னால் ஓடின போட் மெயில் ரயிலின் டிக்கெட் உங்கள் வீட்டுப் பெட்டியில் ஏதாவது கிடந்தால், அதுவும் இஃபெமராதான்.

உன் அடுத்த கேள்விக்கு வருகிறேன். ஒரே பொருள் உள்ள வார்த்தைகளில் எதை எங்கே போடுவது என்று எப்படித் தெரியும்? நம் ஊரிலேயே பார். வீட்டில் 'மௌத்தாயிட்டாங்க' என்போம், பள்ளிவாசல் அறிவிப்பில் 'வஃபாத்தானார்கள்', பஸ் ஸ்டாண்டு போஸ்டரில் 'இயற்கை எய்தினார்', ஆடு என்றால் 'செத்துப்போச்சு'. யாரும் நமக்கு இதைப் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லை, மாற்றிச் சொன்னால் மட்டும் காதில் உறுத்தும். இங்கிலீஷிலும் அப்படித்தான். இதில் ஒன்றை இப்போதே தெரிந்துவைத்துக்கொள், அல்லாஹ் அந்த நிலைமையைக் கொடுக்காமல் இருக்கட்டும், ஊரில் யாராவது தவறிப்போய் யுனிவர்சிட்டிக்கு லீவ் லெட்டர் எழுத நேர்ந்தால் நாம் ஊரில் எழுதுவது போல 'எக்ஸ்பயர்டு' என்று எழுதாதே. இங்கே எக்ஸ்பயர் ஆவது பாலும் பாஸ்போர்ட்டும். மனிதருக்கு 'டைடு' அல்லது 'பாஸ்டு அவே' போதும்.

படிக்கிற விஷயத்துக்கு வருவோம். சாதாரண அகராதியை விட்டு, வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே போடுகிற லேர்னர்ஸ் அகராதியை எடு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டும் இணையத்தில் இலவசம். 'ஸ்லம்பர்' என்று தேடினால் 'லிட்டரரி' (இலக்கிய நடை) என்று குறிப்பு போட்டிருக்கும், தூக்கத்தைப் பற்றி டாக்டரிடம் பேசும்போது அது வேண்டாம் என்று அதிலேயே தெரிந்துவிடும். கீழே இருக்கிற உதாரண வாக்கியங்களைத்தான் முதலில் படிக்க வேண்டும், அர்த்தத்தைக் கடைசியில் பார்த்தாலும் பாதகமில்லை. ஸ்பீக்கர் படத்தை அமுக்கி அழுத்தம் எங்கே விழுகிறது என்றும் கேள், இ-ஃபெ-மரல், 'ஃபெ'யில் விழ வேண்டும். நாம் எல்லா அசையையும் ஒரே மட்டமாகச் சொல்லிவிட்டுப் போவதால்தான் நல்ல வார்த்தையைச் சொன்னாலும் இவர்கள் 'சாரி?' என்கிறார்கள்.

கோச்சிங் சென்டர் கொடுத்த வார்த்தை லிஸ்ட் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். தூரப் போடு. ஐஈஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பகுதியில் சொல்வளத்துக்குக் கால் பங்கு மதிப்பெண் என்பது நிஜம், ஆனால் பேண்ட் 7 விதிமுறையிலேயே அரிதான சொற்களோடு நடையும் சொற்சேர்க்கையும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. லிஸ்ட் அதைக் கொடுக்காது. என்னைக் கேட்டால், இந்த ஊரில் உன் காலை வாரப்போவது பெரிய வார்த்தைகள் இல்லை. 'சார்ட் அவுட்' (சரிசெய்வது), 'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்வது), 'பாப் இன்' (சும்மா எட்டிப் பார்ப்பது) என்று வேலையிடத்தில் நாள் முழுக்கக் காதில் விழுகிற துக்கடாக்கள்தான், அதை எந்த லிஸ்ட்டிலும் போட மாட்டார்கள். இஃபெமரல் மாதிரி வார்த்தை வாசிக்கும்போது புரிந்தால் இப்போதைக்குப் போதும், நாலைந்து இடத்தில் எதிர்ப்பட்ட பிறகு தானாக உன் கட்டுரையில் வந்து உட்காரும்.

ஏஜென்ட் அம்மாவுக்கு டெம்பரரி அட்ரஸ் என்று மாற்றி, எந்தத் தேதிவரை என்பதையும் சேர்த்து இன்றைக்கே ஒரு மெயில் போட்டுவிடு, அவர்களுக்கு வேண்டியது அந்தத் தேதிதான். அப்படியே உன் ஏரியா கவுன்சில் லைப்ரரியில் சேர்ந்துகொள், காசு கிடையாது, பெரும்பாலும் அவர்கள் ஆப்பிலேயே ஆடியோ புத்தகமும் கிடைக்கும், அந்த நாவல் இருந்தால் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு காதில் கேட்டுக்கொண்டே படி.