உள்ளே தொடங்கிய படிப்பு

அன்புள்ள ஐயா,

என் சித்தப்பா மகன் ஆறு வருடம் சிறையில் இருந்துவிட்டுப் போன மாதம் வெளியே வந்தான். உள்ளே இருந்தபோது இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேர்ந்து இரண்டு வருடப் பாடங்களை முடித்திருக்கிறான். இப்போது புத்தகத்தைத் தொடுவதே இல்லை, மாடி அறையிலேயே கிடக்கிறான். "ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவன் படிச்சு என்ன பண்ணப்போறான்" என்கிறார்கள் வீட்டில். நான் வற்புறுத்தலாமா, விட்டுவிடலாமா?

ம., மதுரை

அன்புள்ள ம.,

விட்டுவிடாதீர்கள். ஆனால் முதலில் புத்தகத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

சிறையில் எழுவது, சாப்பிடுவது, அறைக்குத் திரும்புவது எல்லாம் மணி அடித்து நடப்பவை. ஆறு வருடம் தன் கையால் ஒரு கதவைத் திறக்காதவர் உங்கள் தம்பி. இன்று காலையில் என்ன செய்வது என்பதையே அவர் தான் முடிவு செய்ய வேண்டும். உள்ளே படித்தவர் வெளியே வந்ததும் ஏன் படிக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது. அங்கே படிப்புதான் அவருக்கென்று இருந்த ஒரே வேலையாக இருந்திருக்கும். இங்கே பார்க்கும் முகமெல்லாம் ஒரு கேள்வியோடு வருகிறது. அதனால் தினமும் ஒரு வேலைக்காக அவரை வெளியே கூட்டிப் போங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, போன் என்று சரிசெய்ய வேண்டியவை நிறைய இருக்கும். கூடவே போங்கள், ஆனால் கவுண்ட்டரில் அவரே பேசட்டும்.

படித்து என்ன பண்ணப்போகிறான் என்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. பேரறிவாளன் வேலூர் சிறையில் இருந்தபடியே +2 எழுதி 1200க்கு 1096 மதிப்பெண் வாங்கினார். 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தபோது, சிறையில் அவர் பெற்ற கல்வித் தகுதிகளையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. திகார் சிறையில் இக்னோ மையம் 1994லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 2013ல் வெளியிட்ட ஆய்வு, உள்ளே படித்தவர்களில் குற்றத்துக்குத் திரும்புகிறவர்கள் படிக்காதவர்களைவிட நூற்றுக்குப் பதின்மூன்று பேர் குறைவு என்றது. ஒவ்வொருவரும் ஒரு வீட்டுப் பிள்ளை என்று நினைத்தால் அது எவ்வளவு பெரிய எண் என்று புரியும்.

வேலை விஷயத்தில் ஒன்று சொல்வேன். உண்மையை மறைத்து எங்கேயும் சேர்த்துவிடாதீர்கள். மூன்றாம் மாதம் யாராவது வந்து முதலாளியிடம் சொல்வார்கள், அன்றைக்கு அவர் மறுபடியும் மாடி அறைக்குப் போய்விடுவார். முழுக்கத் தெரிந்துகொண்டு சேர்த்துக்கொள்ளும் ஒருவர் போதும், சம்பளம் குறைவானாலும் பரவாயில்லை. அச்சகமோ, மளிகைக் கடையோ, உங்கள் பழக்கத்தில் அப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் போய் "நான் பொறுப்பு" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். விடுதலையானவர்கள் சிறுதொழில் தொடங்க உதவி கிடைக்குமா என்று மாவட்ட நன்னடத்தை அலுவலரிடமும் கேளுங்கள்.

அப்புறம் படிப்பு. இக்னோவில் மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடத்துக்குள் முடிக்கலாம். அவர் சேர்ந்தது எந்த வருடம் என்று முதலில் பாருங்கள். பதிவு எண்ணை எடுத்துக்கொண்டு இருவருமாக மதுரை மண்டல மையத்துக்குப் போய், படிப்பு மையத்தை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். முதல் தடவை ஒரே ஒரு தாள் எழுதினால் போதும்.

கட்டணத்துக்குப் பணம் குறைந்தால் எனக்கு எழுதுங்கள். தயங்காதீர்கள்.