குவைத்தில் வீடு பார்க்கும் தம்பிக்கு: முதலில் காற்றைப் பாருங்கள்

குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். குவைத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் மினா அப்துல்லாவில் கான்ட்ராக்ட் கம்பெனி வேலையாம். மனைவியையும் இழுப்பு (ஆஸ்துமா) உள்ள மூன்று வயது மகளையும் பிறகு அழைத்துக்கொள்வாராம். உம் அல் ஹைமானில் குறைந்த வாடகைக்கு ஒரு வீடு இருக்கிறது, வேலைக்கும் பக்கம், ஆலைப் புகைக்குப் பயப்பட வேண்டுமா என்கிறார். கூடவே டிரைவிங் லைசென்ஸ், பள்ளிக்கூடம், மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்றும் கேட்கிறார்.

லைசென்ஸும் மிச்சமும் அங்கே யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். புகையைப் பற்றித்தான் யாரும் சொல்ல மாட்டார்கள். அதை நான் சொல்கிறேன்.

அந்த வீடு வேண்டாம் தம்பி. நம் ஆட்கள் எல்லோரும் ஆலையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்கிறார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்! திங்கள்சந்தையில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஒரு அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை இருந்தது. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து மேல்காற்று அடிக்கும்போது முந்திரி வறுக்கிற புகை எங்கள் பக்கம் எட்டிப்பார்க்காது. மார்கழியில் காற்று திரும்பினால் அம்மா துணியைக் கொடியில் போட மாட்டார். அதே கணக்குதான் குவைத்திலும்.

அங்கே வருடத்தில் பெரும்பாலான நாள் காற்று வடமேற்கிலிருந்து வரும். கடலோரமாக வடக்கிலிருந்து வந்தால் மகபூலா, அபு ஹலீஃபா, மங்காஃப், ஃபஹாஹீல். அதற்குத் தெற்கே மினா அல் அஹ்மதி சுத்திகரிப்பு ஆலை, ஷுஐபா தொழிற்பேட்டை, மினா அப்துல்லா. இத்தனையும் தாண்டித்தான் உம் அல் ஹைமான். மேலே உள்ள அத்தனை புகைபோக்கிகளின் காற்றும் அந்தப் பக்கம்தான் போகும். குவைத் குடிமக்களே பல வருடமாக இதைப் பற்றி முறையிட்டு வந்திருக்கிறார்கள். வாடகை ஏன் குறைவு என்று யோசியுங்கள்.

மங்காஃபோ அபு ஹலீஃபாவோ பாருங்கள். ஃபஹாஹீல் ஆலைக்கு ஒட்டியே இருந்தாலும், காற்று அதைத் தாண்டித்தான் ஆலைக்குப் போகும். ஆனால் கோடையில் தென்கிழக்குக் காற்று திரும்பிப் புழுங்கும் நாட்களில் அங்கேயும் நாற்றம் வரும். இன்னும் வடக்கே சால்மியா வரைக்கும் போகலாம்தான், தினமும் 30-ஆம் நம்பர் ரோட்டில் காலை நெரிசலில் நிற்கத் தயார் என்றால்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. நம் ஊரில் கதம்பல் (தேங்காய் மட்டை) ஊறப்போட்ட குளத்தில் வருவதும் அதே வாயுதான். அதனாலோ என்னவோ, நம் ஆட்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆலைக்குள் சேஃப்டி வகுப்பில் சொல்லித் தருவார்கள், 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது என்று. வீட்டுப் பக்கம் வருவது அதைவிட ரொம்பக் குறைவு, ஆனால் அங்கேயும் மூக்கு பழகிவிடும். நாற்றம் தெரியவில்லை என்பதற்காக வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். எரிந்த தீக்குச்சி போலக் காந்தினால் அது சல்ஃபர் டை ஆக்சைடு. இழுப்பு உள்ள பிள்ளைக்குச் சில நிமிடத்திலேயே மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும்.

நான் 1992-இல் பம்பாய் ஏஜென்ட் மூலமாகப் போனேன். வளைகுடாப் போரில் ஈராக் படை தீ வைத்த அறுநூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளில் கடைசியானதை 1991 நவம்பரில்தான் அணைத்திருந்தார்கள். புர்கான் எண்ணெய் வயல் பக்கம் எண்ணெயும் கரியும் மணலோடு சேர்ந்து இறுகி, செருப்பு பட்டால் அப்பம் அப்பமாகப் பெயர்ந்து வரும். எங்களைத் தங்கவைத்தது தொழிற்பேட்டைப் புகையைக் காற்று அடித்துக்கொண்டு வரும் பக்கத்தில் ஒரு போர்ட்டா கேபினில். ஜன்னல் சரியாக மூடாது. ராத்திரி விளக்கை அணைத்தாலும் ஃப்ளேர் (ஆலையில் மிச்ச வாயுவை எரிக்கும் தீ) வெளிச்சத்தில் சுவர் சிவப்பாகவே இருக்கும். குளச்சல்காரர் ஒருவர் விடிய விடிய உட்கார்ந்தே இருமுவார். ஃபோர்மேனிடம் சொன்னால் "பழகிடும்" என்பார். அந்த வார்த்தை மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. முப்பது வருடம் இருந்த நம் ஊர்க்காரர்களே இப்போது புதிதாக வருகிறவர்களிடம் அதையே சொல்கிறார்கள், "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று. ஆனவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள், தம்பி. அவர்களிடம் கேட்க ஆளில்லை.

இன்னொரு வருத்தமும் இருக்கிறது. கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டம் வேண்டாம் என்று நம் ஆட்கள் போனில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். நியாயம்தான், அந்த மணலில் உள்ள மோனசைட்டில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருக்கிறது, பேசத்தான் வேண்டும். அதே ஆட்கள் குவைத்தில் பிள்ளையை எந்தக் காற்றில் படுக்கவைக்கிறோம் என்று பார்ப்பதில்லை.

வீடு பார்க்க வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள். குளிர்காலத்தில் விடியற்காலை போங்கள். அப்போது குளிர்ந்த காற்று தரையோடு தங்கிப் புகையை மேலே விடாது. பால்கனிக் கம்பியை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மஞ்சளாக உதிர்ந்தால் பாலைவனத் தூசி, அது எங்கே போனாலும் உண்டு. கறுப்பாகப் பிசுபிசுத்து, சோப்புப் போட்டால்தான் போகும் என்றால் அது கரி. ஏசி ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்கும் இதே கணக்குதான், பாதி நாள் பிள்ளை அங்கேதானே இருக்கும்.

ஆலையில் போடும் கவரால் உடுப்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், பிள்ளையின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். இன்ஹேலரை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள், ஊரில் யார் என்ன சொன்னாலும் சரி. நான் முதல் சில வருடம் தனியாக இருந்து, மங்காஃபில் நல்ல வீடு கிடைத்த பிறகுதான் குடும்பத்தை அழைத்தேன். என் மகள் அங்கேதான் படித்தாள்.

லீவு முடிந்து நானும் அடுத்த மாதம் திரும்புகிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் கட்டடம் இருக்கும் பிளாக்கையும் தெருவையும் எழுதி அனுப்புங்கள் மக்கா, ஒரு விடியற்காலை நானே போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.